என் கை நீளத்துக்கு ஒரு ஃபிரேம்

ஒரு திங்கட்கிழமை காலை, முட்டை ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த என் மனைவி பெய்ஜுனின் கையிலிருந்து கரண்டி நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள். மறுபடியும் விழுந்தது. கடை வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரி நர்சுகளும் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"என்னாச்சு?" என்றேன்.

"சுண்டு விரலும் பக்கத்து விரலும் மரத்துக் கெடக்கு. நேத்து சைக்கிள்லேருந்து எறங்கினதுலேருந்து இப்படித்தான்."

கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு சோயாப் பால் ஊற்றப் போனாள். அதிலும் பாதி கோப்பைக்கு வெளியேதான் விழுந்தது.

எங்கள் காலை உணவுக் கடை தாய்ச்சுங் நகரத்தில், தாது மலைக்கு ஏறும் சாலையின் அடிவாரத்தில் இருக்கிறது. மதியத்துக்கு முன் கடையைச் சாத்திவிடுவோம். சாத்தியதும் நான் தூங்கப் போவேன், அவள் சைக்கிளை எடுப்பாள். 'மேகச் சக்கரம்' என்ற சைக்கிள் சங்கத்தில் சேர்ந்திருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் சங்கம் எங்கள் தீவை முழுக்கச் சுற்றிவருவதாக இருந்தது. கூடாரம், அடுப்பு, துணிமணி எல்லாவற்றையும் தன் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு சுற்ற வேண்டும் என்பது பெய்ஜுனின் ஆசை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "நாப்பத்தாறு வருஷமா இந்தத் தீவுல இருக்கேன். ஒரு தடவை கூட சுத்தினதில்லையே."

சுமை ஏற்றிப் பல நாள் போக இரும்பு ஃபிரேம்தான் சரி என்று எல்லோரும் சொன்னார்கள். மேடுபள்ளத்தில் உடம்பைக் குலுக்காது, எங்கே உடைந்தாலும் பற்றவைத்துக்கொள்ளலாம். சங்கத் தலைவர் சுவாங்கின் கடையிலிருந்தே ஒன்று வாங்கினாள். இருப்பதிலேயே சின்னது அதுதான் என்று ஐம்பதாம் நம்பர் ஃபிரேமைக் கொடுத்தார். பெய்ஜுனின் உயரம் நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். ஏறி நின்றால் நடுவிலுள்ள மேல்குழாய் தொடையிடுக்கில் முட்டும். ஹேண்டில்பாரைப் பிடிக்க, அலமாரியின் மேல்தட்டில் எதையோ தேடுகிறவள் மாதிரி எட்டிக்கொண்டே இருக்க வேண்டும். திரும்பும்போது ஷூவின் முனை முன் சக்கரத்தில் இடிக்கும்.

அன்று மதியமே தையல்காரர்கள் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு சுவாங் கடைக்குக் கிளம்பினாள். நானும் கூடவே போனேன். என் சரக்கு வேனில்தான் சைக்கிள் போயாக வேண்டும்.

சுவாங் அந்தக் காலத்தில் பந்தயங்களில் ஓட்டியவர். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. யாரையும் மேலிருந்துதான் பார்ப்பார், அது அவர் தப்பில்லை.

"வா தங்கச்சி! வா ஆசெங்!" என்றார். பெய்ஜுன் விரலை நீவிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். "என்ன, கை மரத்துப் போச்சா? பழகிடும். பொம்பளைங்களுக்குத் தோள்ல பலம் கம்மி. ஹேண்டில்பாரத் தாங்குற கழுத்து இருக்கே, அதை இன்னும் குட்டையா மாத்தித் தரேன். சீட்டையும் முன்னால தள்ளிடலாம்."

"ஏற்கெனவே மாத்தினீங்க அண்ணே. அப்பறம்தான் ஹேண்டில் கோழி மாதிரி அங்கயும் இங்கயும் ஆடுது. சீட்ட முன்னால தள்ளினதும் முட்டி வலிக்க ஆரம்பிச்சிடுச்சு."

"அப்ப ஒடம்பு வாகுதான் அப்படி."

பெய்ஜுன் பைக்குள் கையை விட்டாள். நாடாவை எடுத்தாள். கடையில் வரிசையாக நின்ற ஐம்பதையும் ஐம்பத்திரண்டையும் ஐம்பத்து நான்கையும் அளந்தாள். சீட்டுக்கு நேர்கீழே ஒரு விரல், ஹேண்டில் கழுத்து தொடங்கும் இடத்தில் ஒரு விரல். அங்கே நின்றிருந்த சங்கத்துக்காரர்கள் சிரித்தார்கள். "அக்கா, சைக்கிளுக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?" என்றான் ஒருவன்.

"அண்ணே, இங்க பாருங்க," என்றாள். "நம்பர் எறங்க எறங்க சீட்டுக் குழாய்தான் குட்டையாகுது. முன்னால எட்டுற தூரம் மூணுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எனக்கு எட்டாதது காலுக்கு இல்ல, கைக்கு. சின்னதுன்னு சொல்லி, பெருசோட காலை மட்டும் வெட்டிக் குடுத்திருக்காங்க."

"பெரிய சக்கரம் வேணும்னா அப்படித்தான் இருக்கும். சக்கரத்துக்கு எடம் வேணாமா?"

"அப்ப சக்கரத்தச் சின்னதாக்கட்டும்."

"கொழந்தைங்க சைக்கிளா கேக்குற?" கடை முழுக்கச் சிரிப்பு. சுவாங்கும் சிரித்தார். பிறகு, கோபித்துக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தோ என்னவோ, குரலைத் தணித்தார். "கவலப்படாத. பயணத்துல உன் பையெல்லாம் ஆசெங் வேன்ல வந்துடும். வெறும் சைக்கிள ஓட்டிட்டு வா, போதும். முடியலன்னா வேன்லயே ஏறிக்கலாம். என்ன தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள்: "வலிக்கிறது என் கை. அது எங்கேருந்து வலிக்குதுன்னு நான்தான் சொல்லணும். சைக்கிள எடுத்து வை, போகலாம்."

வேனில் வீடுவரை அந்த நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடியே வந்தாள். வாசலில் இறங்கும்போதுதான் கேட்டாள்: "நம்ம ஊர்ல குள்ளமா இருந்துட்டு தூரமா சைக்கிள் ஓட்டுறவங்க யாரு இருக்காங்க?"

இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எங்கள் கடையில் தினமும் முள்ளங்கி கேக் வாங்கும் பல் டாக்டர் ஷி அம்மா, அவரும் சங்கத்தில் இருந்தார். ஜப்பானில் படித்தபோது வாங்கிய பழைய இரும்பு சைக்கிள் ஒன்று அவரிடம் இருந்தது. மெல்லிய குழாய்கள், நடுத்தர அளவுச் சக்கரம். இன்னொருவர் தபால் அலுவலகத்தில் வேலை செய்யும் பெங். சங்கத்தில் எல்லோரும் 'தபால்பெட்டி' என்று கூப்பிடும் குட்டையான மனிதர். அவருடையது தடித்த குழாய்கள் கொண்டது, சக்கரம் கடைச் சைக்கிள்களைவிடச் சின்னது, இருபத்தாறு அங்குலம். அதைக் கொண்டுபோய் மங்கோலியாவில்கூட ஓட்டியிருந்தார். சங்கத்தில் அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இரண்டையும் இரவல் வாங்கினாள். முதலில் சும்மா ஓட்டினாள். ஷி அம்மாவின் சைக்கிளிலிருந்து இறங்கியவள் முகத்தில் நான் பல வருடமாகப் பார்க்காத ஒரு சிரிப்பு.

"இது ஓடல, துள்ளுது. மிதிக்க மிதிக்க அதுவும் கூட மிதிக்குது. பள்ளத்துல விழுந்தா 'ம்'ங்குது, அவ்ளோதான்."

"பெங் சைக்கிள்?"

"கல்லு. சுவத்து மேல ஒக்காந்து போற மாதிரி இருக்கு. ஒரு சின்னக் கூழாங்கல்லு கூடக் கபாலத்துல கேக்குது."

"அப்ப ஷி அம்மாவோடதுதான்."

"அதத்தான் நானும் நெனச்சேன். ஆனா சுமையே ஏத்தலையே."

கடைக்கு வரும் சோயா பீன்ஸ் மூட்டைகளில் ஒன்றைப் பிரித்தாள். நான்கு பைகளில் பிரித்துக்கட்டி முன்னும் பின்னும் மாட்டினாள். ஷி அம்மா சைக்கிளில் ஏறித் தாது மலைக்குப் போனாள். நான் பெங்கின் சைக்கிளை வேனில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏற்றத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இறக்கத்தில் வேகம் பிடித்ததும் சைக்கிள் வாலையும் தலையையும் ஆட்ட ஆரம்பித்தது. அவள் ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடியது. ஹாரனை அடித்தேன். என்ன பிரயோசனம்? நல்லவேளை, அவள் ஒரு முழங்காலை மேல்குழாயில் அழுத்தினாள். ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்தி, புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் ஓடிப்போனேன். "போதும் பெய்ஜுன். நமக்கு ஏன் இந்த வம்பு?"

"ஹாரன் எதுக்கு அடிச்ச?"

"பயத்துல."

"பயந்தா பிரேக்க அடி. நானே ஆடிக்கிட்டு இருக்கேன், நீ வேற பாட்டு போடுற." மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தாள். "வா, பைய பெங் சைக்கிளுக்கு மாத்து."

அதே பீன்ஸ், அதே மலை. இந்த முறை பெங்கின் கல் அசையவே இல்லை. சுமையில்லாதபோது கபாலத்தைத் தட்டிய அதே சைக்கிள், சுமை ஏறியதும் நிதானமாகி, ரயில் மாதிரி இறங்கியது. ஆனால் ஏறும்போது அவள் தொடைகள் செத்துப்போயின. அன்று இரவு சாப்பிடும்போது சாப்ஸ்டிக்கை வைத்து மேஜையில் ஃபிரேம் ஃபிரேமாக அடுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். மேல்குழாய் மெல்லியதாக இருந்து வளைந்து கொடுக்க வேண்டும். கீழே சாய்வாக ஓடும் குழாய் ஒரு படி தடிப்பாக இருந்து ஆட்டத்தைப் பிடிக்க வேண்டும். சக்கரம் இருபத்தாறு. நீளம் அவள் கைக்கு.

பக்கத்தில் ஹோலி என்ற ஊரில் கோ என்பவர் இருந்தார். வாரமெல்லாம் தொழிற்சாலையில் ஃபிரேம் பற்றவைப்பார், ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் செய்து தருவார். அவருக்குப் பிடித்தவர்கள் மிகக் குறைவு.

பெய்ஜுன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சக்கரம் சின்னதா இருந்தா பாக்க நல்லா இருக்காது," என்றார். "ஃபிரேம் நீளமா, கோடு நேரா ஓடணும். அதுதான் அழகு. சுமை வண்டின்னா எல்லாக் குழாயும் தடியா இருக்கணும். நான் இருவது வருஷமா செய்றேன்."

"நீங்க ஓட்டுவீங்களா அண்ணே?"

"எனக்கு முதுகு சரியில்ல. ஸ்கூட்டர்தான்."

"அப்ப ஓட்டுறவ சொல்றதக் கேளுங்க. அழகாத்தான் வேணும்னா சுவத்துல மாட்ட ஒண்ணு செய்யுங்க, நானே வந்து பாத்துக் கைதட்டுறேன். எனக்கு வேண்டியது ஏறி ஒக்காந்தா கை எட்டுற சைக்கிள்."

கோ என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆடினா என்கிட்ட வரக்கூடாது."

"ஆடினா வருவேன். வந்து வாசல்ல ஒக்காந்துக்குவேன்."

மறு ஞாயிறு அவர் போன் செய்தார். மேல்குழாய் மெலிசு என்றால் எவ்வளவு மெலிசு என்று கேட்டார். ஒரு மணி நேரம் இரண்டு பேரும் போனில் கத்திக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் கவலைப்படுவதை விட்டுவிட்டேன். கோவுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது.

ஃபிரேம் வந்தபோது பச்சை வாழை இலை நிறத்தில் இருந்தது. ஒரு மாதத்தில் விரல்களின் மரப்பு போய்விட்டது. சுவாங் கடை வாசலில் அதைப் பார்த்தவர்கள், "அக்கா, சர்க்கஸ் எப்ப ஆரம்பம்?" என்று கேட்டார்கள். "டிக்கெட் வாங்கினாத்தான் சொல்லுவேன்," என்றாள்.

குளிர்காலத்தில் பயணம் தொடங்கியது. சங்கத்தின் மூட்டைகள் எல்லாம் என் வேனில். பெய்ஜுனின் பைகள் மட்டும் அவள் சைக்கிளில். மேற்குக் கரை நெடுகத் தெற்கே போகும்போது வடகிழக்குக் காற்று முதுகைத் தள்ளியது. அப்போதே அவள்தான் கடைசியாக வந்துகொண்டிருந்தாள், ஆனால் வந்துவிடுவாள். ஃபெங்காங் என்ற ஊரில் கிழக்கே திரும்பி மலை ஏற வேண்டும். அங்கே மலையிலிருந்து விழுகிற காற்று எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கத்து வெங்காயத் தோட்டக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். அன்று சாலையோரக் கடைகளின் தகரங்கள் எல்லாம் பேசிக்கொண்டிருந்தன.

புறப்படும் முன் சுவாங் எல்லோரையும் கூட்டினார். "மதியத்துக்குள்ள ஷோகா உச்சிக்கு வராதவங்க வேன்ல ஏறிடணும். சங்கம் ஒண்ணாப் போகுது, ஒண்ணா வருது." யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

மதியம் தாண்டி வெகு நேரம் ஆகியும் பெய்ஜுன் பாதி மலையில்தான் இருந்தாள். நான் வேனை அவள் பக்கத்தில் ஊர்ந்து ஓட்டினேன். அவள் நடக்கிற வேகத்தில் மிதித்துக்கொண்டிருந்தாள். முகம் உப்புப் பூத்திருந்தது. போன் அடித்தது.

"தம்பி, தங்கச்சிய ஏத்தியாச்சா?" சுவாங்.

"ஏற மாட்டேங்கிறா அண்ணே."

"நீ புருஷனா, டிரைவரா?"

"ரெண்டும்தான். ரெண்டுக்கும் மதிப்பில்ல."

"வெளையாடாத. இங்க எல்லாரும் குளிர்ல நடுங்குறாங்க. ஸ்வெட்டரெல்லாம் உன் வேன்ல இருக்கு."

நான் வேனை முன்னால் நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்தேன். அவள் வந்து ஒரு காலை ஊன்றி நின்றாள். காற்றில் அவளும் சைக்கிளும் சாய்ந்தே நின்றார்கள்.

"ஷோகா வரைக்கும் மட்டும் ஏறிக்கோ. யாருக்கும் தெரியாது," என்றேன்.

"எனக்குத் தெரியுமே."

"அவங்க போயிடுவாங்க பெய்ஜுன்."

"போகட்டும். நான் அவங்களப் பிடிக்க வரலையே. இந்த மேட்ட ஏற வந்தேன். ஏறிக்கிட்டுத்தானே இருக்கேன்?" பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "கை வலிக்கல. முட்டி வலிக்கல. முதுகு வலிக்கல. மெதுவாப் போறேன், அவ்ளோதான். மெதுவாப் போறது வியாதியா? நீ கெளம்பு. அவங்க ஸ்வெட்டரக் குடு, பாவம். குடுத்துட்டு அவங்களோடயே போ. என் பின்னால சவ ஊர்வலம் மாதிரி வராத."

"ராத்திரி எங்க தங்குவ?"

"கூடாரத்த எதுக்குத் தூக்கிட்டு வரேன்? கதவ மூடு, காத்து உள்ள போகுது."

கதவை மூடினேன். போகிற வழியெல்லாம் கண்ணாடியில் அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டு போனேன். வளைவு வந்ததும் அது மறைந்தது. எனக்கு அழுகை வந்தது என்று சொல்வதில் வெட்கமில்லை. ஆனால் அது பயத்தால் மட்டும் வந்த அழுகையும் இல்லை.

உச்சியில் ஸ்வெட்டர்களைக் கொடுத்தேன். சுவாங் தலையை ஆட்டிவிட்டு சைக்கிளில் ஏறிக் கிளம்பினார். பெங் மட்டும் என் பக்கத்தில் வந்து கேட்டார்: "ஃபிரேம் எப்படி இருக்குதாம்?"

"வலி இல்லையாம்."

"நல்லது," என்றார். அவரும் போனார்.

அதற்குப் பிறகு நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெளிச்சம் இருக்கும்போதே உச்சிக்கு வந்திருக்கிறாள். அங்கே இருந்த காவல் சாவடியின் காவலர் ஒருவர் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். படத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். அந்தச் சாவடியின் காற்று மறைவிலேயே கூடாரம் போட்டுத் தூங்கியிருக்கிறாள். காலையில் கிழக்குக் கரையிலுள்ள தாவூவை நோக்கி இறங்கும்போது, வேகம் ஏறியதும், வாழை இலைப் பச்சையும் தலையை ஆட்டியது. ஃபிரேம் செய்த கோ அண்ணனை மனதுக்குள் நன்றாகத் திட்டினாளாம். முழங்காலை அழுத்தி, நிறுத்தி, இறங்கிப் பார்த்திருக்கிறாள். அடுப்பும் சட்டியும் அரிசியும் பின் கேரியரின் உச்சியில் இருந்தன. எல்லாவற்றையும் அவிழ்த்து, கனமானதை முன்பக்கத் தாழ்ந்த பைகளில் வைத்துக் கட்டினாள். பிறகு மறுபடியும் வேகம் ஏற்றினாள். வேண்டுமென்றே ஏற்றினாளாம். அது அசையவில்லை. கடல் தெரியும் வளைவில் ஓர் ஆளும் இல்லாத சாலையில், தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள்.

"என்னன்னு கத்தின?" என்று கேட்டேன்.

"உன்கிட்ட சொல்ற வார்த்தை இல்ல அது."

கிழக்குக் கரை முழுவதும் காற்று எதிரேதான். தாய்துங்கில் மழை. ஹுவாலியனுக்கு முன்னால் ஒரு ஸ்போக் உடைந்து, டிராக்டர் பழுது பார்க்கிற இடத்தில் சரிசெய்துகொண்டாள். தினமும் சாயங்காலம் எனக்கு ஒரு படம் வரும். பெரும்பாலும் சாப்பாட்டின் படம். சங்கம் திரும்பி வந்து, பட்டாசு வெடித்து, விருந்து சாப்பிட்டு முடித்த பிறகும் அவள் வரவில்லை. கடையை நான் தனியாகத் திறந்தேன். நர்சுகள் தினமும் கேட்பார்கள்: "அக்கா இப்ப எங்க இருக்காங்க?" நான் சுவரில் ஒட்டியிருந்த தீவு வரைபடத்தில் விரலை வைத்துக் காட்டுவேன். அவள் வந்து சேர்ந்த அன்று ரொட்டி கருகியதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அடுத்த சங்கக் கூட்டத்தில் சுற்றி வந்தவர்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். சுவாங் ஒவ்வொருவர் பெயராகப் படித்தார். பெய்ஜுன் பெயர் வரவில்லை. ஷி அம்மா கையைத் தூக்கி, ஏன் என்று கேட்டார்.

"சங்கத்தோட சேர்ந்து வந்தவங்களுக்குத்தான் டாக்டரம்மா. விதின்னு ஒண்ணு இருக்கு. தங்கச்சி தனியாத்தானே வந்தா?"

எல்லோரும் பெய்ஜுனைப் பார்த்தார்கள். அவள் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"சரிதான் அண்ணே," என்றாள். "நான் சுத்தினது தீவ. சங்கத்த இல்ல."

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு மேஜை மேஜையாகச் சிரிப்பு பரவியது. இந்த முறை அது அவளை நோக்கி வரவில்லை. சுவாங் முகம் சிவந்து பதக்கப் பெட்டியை மூடினார். அவரைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பெய்ஜுனுக்கு அப்படித் தோன்றவில்லை போலிருக்கிறது. கடலையை முடித்துவிட்டு எழுந்து, "நாளைலேருந்து நான் வரல," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

மறுநாள் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, அட்டையில் எழுதி மாட்டினாள்: 'கை எட்டாதவர்கள் ஏறிப் பார்க்கலாம். கட்டணம் இல்லை. சோயாப் பால் வாங்கினால் நல்லது.'

முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் ஏறினார்கள். பிறகு ஒரு நர்ஸ் ஏறினாள், இறங்க மனமில்லாமல் சிக்னல் வரை போய்வந்தாள். சைக்கிள் ஓட்டினால் வரும் கழுத்து வலிக்கு இத்தனை நாளும் தன் உடம்பையே குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு கணக்கு டீச்சர் வந்தாள். அவளை நிற்க வைத்து, பெய்ஜுன் நாடாவால் கையை அளந்தாள். "ஒன் கை குட்டையில்ல. அவங்க ஃபிரேம்தான் நீளம்," என்றாள். டீச்சர் அந்த இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோ போன் செய்து கத்தினார்: "உன்னால எனக்கு ஞாயித்துக்கெழமையே இல்லாமப் போச்சு! எல்லாம் இருபத்தாறு, எல்லாம் இருபத்தாறு! பாக்கச் சகிக்கல!" ஆனால் யாரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை.

அடுத்த குளிர்காலம் வந்தபோது ஐந்து பேர் சேர்ந்திருந்தார்கள். நர்ஸ், டீச்சர், ஷி அம்மா, 'தபால்பெட்டி' பெங், பெய்ஜுன். தலைவர் இல்லை, வேன் இல்லை. அதே வாரத்தில் சுவாங் எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, இந்த வருஷமும் வேன் வேணும். மூட்டையெல்லாம் யாரு தூக்குறது?"

"அவங்கவங்க மூட்டைய அவங்கவங்க தூக்கட்டும் அண்ணே," என்றேன். "கடைல ஆள் இல்ல. நான் ரொட்டி போடணும்."

"நீயுமா?" என்றார்.

"நானும்தான்."

கிளம்புகிற காலையில் ஐந்து சைக்கிள்களும் கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. நான் ஆளுக்கு இரண்டு சோற்றுருண்டை கட்டிக் கொடுத்தேன். பெய்ஜுன் ஒவ்வொரு பையையும் ஆட்டிப் பார்த்து, டீச்சரின் கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள். சாலையில் போன லாரி ஒன்று வேகம் குறைந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இம்மாஞ் சின்னச் சக்கரத்த வெச்சுக்கிட்டு எங்கம்மா போறீங்க எல்லாரும்?" என்று கேட்டார்.

பெய்ஜுன் காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"இங்கயேதான்!" என்றாள். "ஒரு சுத்து சுத்திட்டு!"